செர்காம் வட்டாரத்துச் சம்பளக்காரர்களுக்கு: அவ்வப்போது வரும் வெள்ளியைப் பற்றி

செர்காம், உம்பாய், மெர்லிமாவ், சுங்கை ரம்பை, ஜாசின் முதலிய ஊர்களில், தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ பள்ளிக்கூடத்திலோ அரசாங்க இலாகாவிலோ மாதச் சம்பளத்திற்கு உழைத்துக்கொண்டே, திருவிழாக் காலத்தில் உறுமி அடித்தும், மேடையில் பேசியும், பத்திரிகைக்கு எழுதியும், மணப்பெண்ணை அலங்கரித்தும் நூறோ இருநூறோ வெள்ளி கூடுதலாகக் காணும் அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் எழுதும் மடல் இது.

தோட்டத்து ஆபீஸில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு உரிமம் பெற்ற வரி முகவன் என்ற பட்டம் ஏதும் இல்லை; எனினும், மார்ச்சு மாதம் பிறந்து வருமான வரி வாரியத்தின் இ-பைலிங் திறந்துவிட்டால், சம்பளச் சீட்டையும் இ.ஏ. பாரத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நம்மவர்களிற் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டபடியால், அவர்கள் அனைவரும் கேட்கும் ஒரே கேள்விக்கு ஒரே மடலில் விடை எழுதிவிடுவது இரு தரப்புக்கும் சிரமத்தைக் குறைக்கும் என்று கருதியே இதை எழுதத் துணிந்தேன். கேள்வி இதுதான்: சம்பளம் போக அவ்வப்போது வந்த இந்தச் சில்லறை வரவை எங்கே எழுதுவது?

இதற்கு நம்மிடையே வழங்கும் விடைகள் இரண்டு. கோயிலில் வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்த உறை யார் கணக்கிலும் வராது, ஆகையினால் எழுதவே வேண்டாம் என்பது ஒன்று. சம்பளம் அல்லாத வரவெல்லாம் வியாபார வரவே, ஆகையினால் தொழில்காரர் நிரப்பும் ‘பி’ பாரத்தை எடுத்து அதிலே வியாபாரம் என்று எழுது என்பது மற்றொன்று. இது பெரும்பாலும் அரைகுறையாக விஷயம் தெரிந்த மருமகப் பிள்ளைகள் சொல்லும் யோசனை. முதல் விடை சட்டத்திற்கு விரோதம். இரண்டாவது விடை நாணயமானதுதான் என்றாலும், அதைப் பின்பற்றுகிறவர் தமக்கு அவசியமில்லாத ஒரு சுமையைத் தாமே தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

நம் நாட்டின் 1967ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் நான்காவது பிரிவு என்று ஒன்று உண்டு. வரி விதிக்கத்தக்க வருமானம் எவ்வெவ் வழியாக ஒருவனுக்கு வந்து சேரக்கூடும் என்பதை அது பத்தி பத்தியாக வகுத்து வைத்திருக்கிறது. ‘ஏ’ பத்தியில் வியாபாரமும் சுயதொழிலும், ‘பி’ பத்தியில் உத்தியோகச் சம்பளம், ‘சி’ பத்தியில் பங்காதாயமும் வட்டியும், ‘டி’ பத்தியில் வாடகையும் நூலுரிமைத் தொகை போன்றவையும், ‘இ’ பத்தியில் ஓய்வூதியமும் காலந்தோறும் வரும் பிற தொகைகளும் அடங்கிவிட, இவை ஒன்றிலும் சேராத லாபம் எதுவாயினும் அதற்கென்று கடைசியில் ‘எஃப்’ பத்தி விடப்பட்டிருக்கிறது. சம்பளக்காரர்கள் நிரப்பும் ‘பி.இ.’ பாரத்துக்கு வாரியம் எழுதியுள்ள விளக்கக் குறிப்பு, அவ்வப்போது வானொலியில் பேசியதற்கும், சொற்பொழிவு ஆற்றியதற்கும், எழுதியதற்கும் கிடைத்த ஊதியத்தை இந்தக் கடைசிப் பத்திக்கு உதாரணங்களாகவே காட்டுகிறது. நம் மேடைப் பேச்சாளரும் தீபாவளி மலருக்குக் கதை எழுதும் ஆசிரியரும் தமக்கென்று ஒரு கட்டம் அந்தப் பாரத்தில் இருப்பதை அறியாமலே இத்தனை வருஷங்களைக் கழித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசிப் பத்தி நம் நாட்டில் முளைத்ததன்று. மலாயாவில் வருமான வரி நிலையாக வேரூன்றியது, ஹீஸ்மன் என்ற ஆங்கில அதிகாரியின் யோசனைப்படி 1947இல் சட்டம் இயற்றப்பட்டு, வணிகப் பெருமக்களின் பலத்த ஆட்சேபத்தையும் மீறி 1948 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தபோதுதான். அந்தச் சட்டத்தின் வேர் பிரிட்டிஷ் வரிச் சட்டத்தில் இருந்தது. அங்கே இத்தகைய உதிரி லாபங்களுக்கென்று ‘டி’ அட்டவணையின் ஆறாவது வகை என்று ஓரிடம் வகுத்திருந்தார்கள். ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் இருவர், அதன் வங்கிக் கடனுக்கு ஒரே ஒரு முறை ஜாமீன் நின்று, அதற்காகக் கமிஷன் பெற்றார்கள். ஜாமீன் நிற்பது எங்கள் தொழில் அல்லவே, ஒரு தடவை கிடைத்ததற்கும் வரியா என்று அவர்கள் வழக்காடியபோது, 1923இல் ஆங்கில நீதிமன்றம், தொழில் அல்லாவிட்டாலும் செய்த காரியத்திற்குக் கிடைத்த ஊதியம் ஆகையினால் அந்த ஆறாவது வகையில் அதற்கு வரி உண்டு என்று தீர்த்தது. ஒரு தரம்தானே என்ற வாதம் நூறு வருஷத்துக்கு முன்பே தோற்றுப்போனது என்பதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

நம் முதியோர் சிலர், இந்தியாவில் அந்த மாதிரிக் காசுக்கு வரி இல்லை என்று சாதிப்பதற்கும் ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் 1922ஆம் வருஷத்துச் சட்டம், தற்செயலாக வந்து மறுபடி வராத வரவை வரியிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. ஆனால் அந்த விலக்கும் தொழிலாலோ பிழைப்பாலோ வராத காசுக்குத்தான். உறுமி அடித்து வாங்கிய கூலியை அந்தக் காலத்துத் தமிழ்நாட்டு அதிகாரியும் அப்படி விட்டிருக்க மாட்டார். எப்படியாயினும் மலேசியச் சட்டத்தில் அந்தச் சலுகையைத் தேடுவது வீண் வேலை.

இனி, அவ்வப்போது வரும் வரவு எது, வியாபாரம் எது என்று பிரித்தறிவதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. சட்டம் வியாபாரம் என்பதற்குத் தரும் அர்த்தம் மிகவும் விரிவானது. தொழில் வகைப்பட்ட முயற்சி ஒன்றை ஒரே முறை மேற்கொண்டாலும் அது வியாபாரமாகக் கூடும். ஆகவே எத்தனை முறை என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. 1955இல் பிரிட்டனின் ராஜாங்க விசாரணைக் குழு ஒன்று இதற்கென்று ஆறு அடையாளங்களை வகுத்தது. நம் நாட்டு நீதிமன்றங்களும் அவற்றை இன்றளவும் எடுத்தாளுகின்றன. பொருளின் தன்மை என்ன, எவ்வளவு காலம் கையில் இருந்தது, அடிக்கடி நடந்ததா, விற்பதற்காக மேலும் உழைப்பும் செலவும் செய்யப்பட்டனவா, என்ன சந்தர்ப்பத்தில் விற்றார், ஆதியில் என்ன நோக்கத்தோடு இறங்கினார் என்பவையே அவை. இந்த ஆறும் பொருளை வாங்கி விற்பதைப் பற்றி எழுந்தவை ஆயினும், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, லாப நோக்கத்தோடு, ஏற்பாடு செய்துகொண்டு நடத்துகிறாரா என்ற சாரம் உழைப்பை விற்பவருக்கும் பொருந்தும்.

தீபாவளிக்கு முறுக்கும் அச்சு முறுக்கும் சுட்டு விற்கும் நம் தாய்மார்களை எடுத்துக்கொள்வோம். வருஷத்தில் மூன்றே வாரம் நடக்கிற காரியம் ஆயிற்றே, இதுவா வியாபாரம் என்று தோன்றும். ஆனால் புரட்டாசி பிறந்ததுமே கைத்தொலைபேசியில் விலைப் பட்டியல் போகிறது. மாவும் எண்ணெயும் மொத்தக் கடையில் வாங்கப்படுகின்றன. பிளாஸ்டிக் டின்களில் பெயர்ச் சீட்டு ஒட்டப்படுகிறது. அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி கூலிக்கு அமர்த்தப்படுகிறாள். அடுத்த வருஷமும் அதே ஆட்கள் அதே டின்னுக்குச் சொல்லி வைக்கிறார்கள். காலம் சுருங்கியதாயினும் மற்ற லட்சணங்கள் யாவும் பொருந்திவிட்டதால், இது வியாபாரமே என்று நான் சொல்லுவேன். அதே அம்மாள், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஒரு தரம் இருநூறு பேருக்குச் சமைத்துக் கொடுத்து, செலவு போகக் கொஞ்சம் கூலியும் பெற்றாள் என்றால், அது கடைசிப் பத்திக்குரியது. ஒரே கை, ஒரே அடுப்பு; வரவு மட்டும் இரண்டு இடத்தில் போய்ச் சேருகிறது.

உறுமி மேளக் குழுக்களிலும் இந்தப் பேதம் உண்டு. சக தொழிலாளிகள் நாலைந்து பேர் தைப்பூசத்திற்கும், மாசி மகத்தில் சன்னாசிமலைக்கும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் மட்டும் கூடி அடித்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். இது அவ்வப்போது வரும் வரவு. குழுவுக்குப் பெயர் சூட்டி, சட்டை தைத்து, விளம்பரம் செய்து, திருமணம், கட்சிக் கூட்டம், கடைத் திறப்பு என்று வருஷம் முழுவதும் முன்பணம் வாங்கிப் பதிவு செய்கிறவர்கள், தாங்கள் வியாபாரிகள் அல்லர் என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. அவர்கள் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவன ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டியவர்கள். வாரந்தோறும் வீட்டில் டியூஷன் நடத்தும் ஆசிரியரும், வேலை முடிந்ததும் தினம் தவறாமல் உணவு விநியோகத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கும் இளைஞரும் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்களே. குழுத் தலைவர் ஒருவர் கையில் 800 வெள்ளி வாங்கி ஐவருக்குப் பங்கிட்டுக் கொடுத்தால், அவரவர் பங்கே அவரவர் வருமானம்; ஆனால் பங்கிட்டதற்கு ஒரு துண்டுக் காகிதமேனும் இல்லாவிட்டால் எண்ணூறும் தலைவர் தலையில்தான் விழும்.

வேறு கட்டங்களில் சேர வேண்டியவற்றையும் சிலர் இந்தக் கடைசிப் பத்தியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். செர்காம் பந்தாயிலும் உம்பாயிலும் சுட்ட மீன் கடைகளில் சனி ஞாயிறுகளில் பரிமாறவும் பாத்திரம் கழுவவும் போகிற பிள்ளைகள் வாங்குவது நாட்கூலி ஆனாலும், முதலாளி ஒருவர் சொற்படி செய்யும் வேலைக்கான கூலி என்பதால் அது சம்பளம். தொழிற்சாலைச் சம்பளத்தோடு கூட்டி எழுத வேண்டியது. வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் அது வாடகைக் கட்டத்திற்கு உரியது. கல்யாணத்தில் வந்த மொய்யும், நாலு நம்பரில் விழுந்த பரிசும், வங்கிச் சேமிப்பின் வட்டியும் வரிக்கு உட்பட்டவை அல்ல. அவற்றை எழுதி அதிகாரியின் நேரத்தைப் போக்க வேண்டாம்.

சரி, இப்படிப் பிரித்து எழுதுவதால் என்ன ஆகிவிடும் என்பீர்கள். முதலாவதாக, பாரமே மாறுகிறது. சம்பளமும் கடைசிப் பத்தி வருமானமும் மட்டும் உள்ளவர் ‘பி.இ.’ பாரத்தில் இருந்துகொண்டே தம் கடமையை முடித்துவிடலாம்; அதற்குக் கெடு ஏப்ரல் 30, இணையத்தில் என்றால் மே 15 வரை பொறுக்கிறார்கள். வியாபாரம் என்று ஒன்று நுழைந்துவிட்டால் சம்பளத்தையும் சேர்த்து எல்லாமே ‘பி’ பாரத்துக்குப் போய்விடும். கெடு ஜூன் 30, இணையத்தில் ஜூலை 15. தவணை நீள்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், கூடவே லாப நஷ்டக் கணக்கும் வருகிறது. முன்பெல்லாம் வரி எண்ணின் முன்னெழுத்தே சம்பளக்காரர் யார், தொழில்காரர் யார் என்று காட்டிக்கொடுக்கும். 2023 முதல் எல்லோருக்கும் ‘ஐ.ஜி.’ என்று ஒன்றாக்கிவிட்டார்கள், ஆகையினால் எண்ணைப் பார்த்துப் பாரத்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இனி உதவாது.

அதைவிட முக்கியமானது நஷ்டத்தின் கதி. வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அவ்வருஷத்துச் சம்பளத்திலிருந்தே அதைக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. மிஞ்சியதைப் பத்து வருஷம் வரை பின்னால் வரும் வியாபார லாபத்தில் கழிக்கலாம். இயந்திரத்துக்கும் கருவிக்கும் மூலதனச் சலுகையும் வியாபாரிக்கே உண்டு. கடைசிப் பத்தியிலோ, வரவை ஈட்டுவதற்கென்றே செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாமே தவிர, செலவு வரவை மிஞ்சினால் கணக்கு பூஜ்யத்தில் நின்றுவிடும். மிச்சம் எங்கும் நகராது. இந்த வித்தியாசம்தான் சிலருக்கு ஆசை காட்டுகிறது. ஆறாயிரம் வெள்ளிக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிவிட்டு, இரண்டே நிகழ்ச்சிக்குப் போய் அறுநூறு வெள்ளி வாங்கிவிட்டு, வியாபார நஷ்டம் என்று எழுதிச் சம்பள வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற யுக்தி காற்றில் உலாவுகிறது. பதிவு எங்கே, பேரேடு எங்கே, மற்ற நிகழ்ச்சிகள் எங்கே என்று வாரியம் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஒலிபெருக்கி பதில் சொல்லாது.

வரி எவ்வளவு ஆகும் என்ற பயம்தான் மறைப்பதற்கு மூலகாரணம் என்பதால், கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். கழிவுகள் எல்லாம் போக ஒரு தொழிலாளியின் வரிக்குரிய வருமானம் 28,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதப்படி முதல் 5,000க்கு வரி இல்லை, அடுத்த 15,000க்கு நூற்றுக்கு ஒன்று வீதம் 150, எஞ்சிய 8,000க்கு நூற்றுக்கு மூன்று வீதம் 240, ஆக 390 வெள்ளி. 35,000க்கு மேற்படாத வருமானத்துக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு என்பதால் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அவர் உறுமி அடித்து 2,600 வெள்ளி வாங்கினார், பெட்ரோலுக்கும் தோல் மாற்றியதற்கும் 600 போயிற்று, மிச்சம் 2,000. வருமானம் 30,000 ஆகிறது. வரி 450, தள்ளுபடி போக 50 வெள்ளி. இரண்டாயிரத்தை மறைத்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதெல்லாம் இந்த ஐம்பதுக்காகத்தான்.

ஆனால் ஓரிடத்தில் சறுக்கல் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வரிக்குரிய வருமானம் 34,500 என்று இருப்பவருக்குத் தள்ளுபடி போக 185 வெள்ளிதான் வரி. மேடைப் பேச்சில் ஓராயிரம் சேர்ந்து 35,500 ஆகிவிட்டால், தள்ளுபடி அடியோடு போய், மேலே உள்ள ஐந்நூறுக்கு நூற்றுக்கு ஆறு வீதமும் சேர்ந்து, 630 வெள்ளி என்று நிற்கும். ஆயிரம் வெள்ளிப் பேச்சுக்கு 445 வெள்ளி வரி என்றால் எந்தப் பேச்சாளருக்கும் தொண்டை அடைத்துப்போகும். இந்த விளிம்பில் நிற்பவர்கள் வரவை விழுங்காமல், தாங்கள் எழுத மறந்த கழிவுகளைத் தேட வேண்டும்: பிள்ளைகளுக்கு வாங்கிய புத்தகம், கைத்தொலைபேசி, மாதாந்தர இணையக் கட்டணம் ஆகியவை வாழ்க்கைமுறைக் கழிவில் 2,500 வெள்ளி வரை சேரும், சேமநிதிச் சந்தா, ஆயுள் காப்புறுதி, சொக்சோ ஆகியவற்றுக்கும் தனித்தனியே இடம் உண்டு. விட்டுப்போன ஐந்நூறு வெள்ளிக் கழிவு ஒன்று அகப்பட்டால் போதும், வருமானம் சரியாக 35,000இல் வந்து நின்று, வரி 630இலிருந்து 200க்கு இறங்கிவிடும். ரசீதைக் குப்பையில் போடுகிறவர் அந்த 430 வெள்ளியையும் சேர்த்தே போடுகிறார்.

எழுதியவர்களுக்கு அடுத்த வருஷம் ஒரு கடிதம் வரக்கூடும். சம்பளம் அல்லாத வருமானம் உள்ளவர்களிற் சிலர் தவணை முறையில் முன்கூட்டியே வரி கட்டும்படி வாரியம் அனுப்பும் அந்த அறிக்கைக்கு சி.பி. 500 என்று பெயர். மார்ச்சில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒன்றாக ஆறு தவணை. உண்மையைச் சொன்னதற்கு இதுவா தண்டனை என்று நம்மவர்கள் அதை மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கட்டாத தவணைக்கு நூற்றுக்குப் பத்து அபராதம் ஏறுகிறது. போன வருஷத்து வரவை வைத்துப் போட்ட உத்தேசம் அது, அவ்வளவுதான். இந்த வருஷம் அந்த வரவு குறையும் என்றால் ஜூன் 30க்குள் சி.பி. 502 பாரத்தில் காரணம் காட்டித் திருத்தம் கேட்கலாம்.

சென்ற பாரத்தில் எழுதாமல் விட்டவர்கள் இந்த மடலைப் படித்ததும் கலங்க வேண்டியதில்லை. கெடு முடிந்து ஆறு மாதத்துக்குள் திருத்தப் பாரம் கொடுக்கச் சட்டத்தின் 77பி பிரிவு வழி வைத்திருக்கிறது. விடுபட்ட வரியோடு கொஞ்சம் அபராதமும் சேரும். அதிகாரி தாமே கண்டுபிடித்தாரானால், குறைத்துக் காட்டிய வரிக்குச் சமமான தொகை வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கெடு தாண்டியும் சும்மா இருப்பவர்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை.

கடைசியாக, இந்த வட்டாரத்துக் கோயில் நிர்வாகிகளுக்கும், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், மன்றத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். மேளக்காரருக்கோ பேச்சாளருக்கோ சமையற்காரருக்கோ நீங்கள் பணம் கொடுக்கும்போது, தயவுசெய்து உறைக்குள் ஒரு சீட்டையும் சேர்த்து வையுங்கள். தேதி, வாங்குபவர் பெயர், என்ன காரியத்துக்கு, எவ்வளவு, குழுவாயின் எத்தனை பேருக்கு என்ற ஐந்தே வரிகள் போதும். செயலாளர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதி உங்கள் கோப்பிலும் ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும். ஏழு வருஷத்துக்கு ஆதாரங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். அந்தச் சீட்டுப் புத்தகத்தை ஜாசினில் எந்த அச்சுக்கடையிலும் அடித்துத் தருவார்கள். மாசித் திருவிழாவுக்கு முன்பே நிர்வாகக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்தால், அதற்கடுத்த வருஷம் மார்ச்சில் என் திண்ணைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவன்,
செர்காம், மலாக்கா.